நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உடம்பு என்ன சொல்கிறது?

பெரிய மோட்டார் ஒன்று பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றால், சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி நம் எல்லாருக்கும் தெரியும். "டாப் ஸ்பீட் எவ்வளவு?" இரண்டாவது கேள்வி விலை. அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவோம்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. "நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது உடம்பு எப்படி இருக்கும்?" கவாசாக்கி வெர்சிஸ் 650 வைத்திருக்கும் மூன்று பேரிடமும், அந்த ரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடமும் இதைக் கேட்டேன். பள்ளி விடுமுறையில் மோட்டார் லைசன்ஸ் எடுத்த கையோடு பெரிய வண்டிக் கனவு காணும் மாணவ நண்பர்களுக்கு அவர்கள் சொன்னவை பயன்படும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் இருப்பது பி2 உரிமம். 250 சிசி வரைதான் ஓட்டலாம். ஓட்டுவது 110 சிசி கப்சாய். கிள்ளானில் இருந்து கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் தினமும் வகுப்புக்குப் போய் வருகிறேன். அந்தத் தூரத்துக்குக் கப்சாயை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பெரியம்மா வீடு சுங்கை பட்டாணியில் இருக்கிறது. படிப்பு முடிந்து வேலை எந்த மாநிலத்தில் கிடைக்குமோ தெரியாது. நெடுந்தூரத்துக்கு ஒரு வண்டி என்ற எண்ணம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இது வெறும் ஆசையைப் பற்றிய விசாரணை அல்ல.

இது என்ன வகை வண்டி?

பந்தய வண்டியில் உடல் முன்னால் குனிந்து, எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரம் சுகம். பிறகு கழுத்து வலிக்கும். சொகுசுப் பயண வண்டியில் சோபாவில் சாய்ந்ததுபோல் உட்காரலாம். ஆனால் விலையும் எடையும் மிக அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் 'ஸ்போர்ட் டூரிங்' வகை. வளைவுகளில் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும். பெட்டி கட்டிக்கொண்டு மாநிலம் தாண்டிப் போகவும் வேண்டும். யமஹாவின் டிரேசர் 7, சிஎஃப்மோட்டோவின் 650 ஜிடி போன்றவை இந்தப் பந்தியில் உட்காருபவை.

வெர்சிஸ் 650 பார்ப்பதற்குக் காட்டுப்பாதை வண்டிபோல் உயரமாக இருக்கும். கீழே பார்த்தால் இரண்டு சக்கரமும் 17 அங்குலம், தார்ச்சாலைக்கான டயர்கள். இயந்திரம் 649 சிசி, இரட்டைச் சிலிண்டர். நிஞ்சா 650-இல் இருப்பதும் இதே குடும்பத்து இயந்திரம்தான். ஆனால் வெர்சிஸில் உச்ச வேகத்துக்காக அல்லாமல், நடு வேகத்தில் நல்ல இழுவை கிடைக்கும்படி அதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். 2015 மாடலில் சக்தி ஏறக்குறைய 69 குதிரைத்திறன், எடை 216 கிலோ, எண்ணெய்த் தொட்டி 21 லிட்டர்.

தாளில் உள்ள எண்கள் இவை. இனி ஓட்டுபவர்கள் சொன்னதைக் கேட்போம்.

மாமா: "காத்துதான்மா எதிரி"

என் தாய்மாமா ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். 2016-இல் இருந்து ஒரே வெர்சிஸ். "நாலு மணி நேரம் ஓட்டினா இடுப்பு ஒண்ணும் செய்யாது. கழுத்துதான் பேசும்" என்றார். காரணம் காற்று.

நெடுஞ்சாலையில் காற்று நம்மைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று படித்தவர்கள் இருப்பீர்கள். 80 கிலோமீட்டரில் இருந்து 110-க்கு ஏறினால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மார்பில் மோதும் காற்றின் விசையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கப்சாயில் நீண்ட தூரம் போய் இறங்கும்போது யாரோ நம்மைப் பிடித்து உலுக்கியதுபோல் இருப்பது இதனால்தான். வெர்சிஸில் முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. திருகியைக் கையாலேயே தளர்த்தி அதை ஏற்றலாம், இறக்கலாம்.

அப்படியானால் உயர்த்தி வைத்துக்கொண்டால் நல்லதுதானே? அதுதான் இல்லை என்கிறார் மாமா. தடுப்பை மேலே ஏற்றினால் அதன் விளிம்பில் கலங்கிய காற்று அவர் தலைக்கவசத்தில் வந்து அடிக்கிறது. தலை ஆடுகிறது, காதில் இரைச்சல். எனவே அவர் தடுப்பைத் தாழ்வாக வைத்துக்கொள்கிறார். தோளில் சீரான காற்று படுவது பரவாயில்லை, தலையில் கலங்கிய காற்றுதான் ஆளை அசத்திவிடும் என்பது அவர் கணக்கு. நம் ஊர் வெயிலில் உடம்பில் கொஞ்சம் காற்று படுவதும் நல்லதுதான்.

"யாரோ சொன்னாங்கன்னு கண்ணாடி மாத்தாதே. உன் உயரத்துக்கு உட்கார்ந்து பாரு" என்றார். எந்த விளம்பரத் தாளிலும் இந்த அறிவுரை இல்லை.

அக்கா: நிற்கும்போதுதான் வண்டி கனம்

ஈப்போவில் தாதியாக வேலை செய்யும் ஓர் அக்கா, மாமாவின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவர். உயரம் என்னைப் போலத்தான், 160 சென்டிமீட்டருக்குக் கீழே. வெர்சிஸின் இருக்கை தரையில் இருந்து ஏறக்குறைய 840 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் அக்காவின் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படாது.

"ஓடும்போது எனக்கு அது சைக்கிள் மாதிரி. நிறுத்தும்போதுதான் 216 கிலோன்னு ஞாபகம் வரும்" என்றார். வாங்கிய முதல் மாதத்தில் சரளைக் கல் போட்ட ஒரு கோயில் வாசலில், நின்ற நிலையிலேயே வண்டியைக் கீழே சாய்த்துவிட்டாராம். வேகம் பூஜ்யம். கால் வைத்த இடம் சற்றுப் பள்ளம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பின்பற்றும் பழக்கங்கள் மூன்று. சரிவைப் பார்த்து நிறுத்துவார். நிற்கும்போது இடது காலை மட்டும் உறுதியாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைப்பார். யாராவது "இங்கே நிறுத்துங்க" என்று கை காட்டினாலும், தனக்குச் சரிப்படாத இடம் என்றால் பத்து அடி தள்ளிப் போய் நிறுத்துவார்.

லைசன்ஸ் தேர்வை நினைத்துப் பாருங்கள். குறுகிய பலகை மீது அவசரப்படாமல், கால் ஊன்றாமல் மெதுவாகக் கடக்கச் சொல்கிறார்கள். அன்று அது நமக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். 500 சிசியைத் தாண்டிய வண்டிக்கு முழு பி உரிமம் வேண்டும். அதற்காகப் பெரிய வண்டியில் பயிற்சி எடுத்தபோதுதான் அந்தப் பலகையின் அருமை தனக்குப் புரிந்தது என்றார் அக்கா. வேகமாகப் போக வண்டியே உதவும், மெதுவாகப் போகத்தான் நமக்குத் திறமை வேண்டும்.

நான்கு மணி நேரக் கேள்விக்கு அவர் பதில் வேறு: "உள்ளங்கையில ஒரு குறுகுறுப்பு." இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தில் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மெல்லிய அதிர்வு கைப்பிடியிலும் கால்மிதியிலும் தெரிவது இயல்பு. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியலையே" என்றார். வண்டி ஒன்றுதான், உடம்புகள்தான் வேறு. ஆகவே, 'இந்த வண்டி சுகமா?' என்று ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

அண்ணன்: 21 லிட்டரில் ஓர் ஆபத்து

மூன்றாமவர் ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். சொந்த ஊர் சித்தியவான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒரு முறையாவது வருவார்.

அவர் வண்டியைப் புகழ்ந்ததில் முக்கால்வாசி எண்ணெய்த் தொட்டியைப் பற்றித்தான். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 21 லிட்டரில் 400 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஜொகூர் பாருவில் இருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். ஒரு முறை நிரப்பினால் போதும். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கட்டணமும் இல்லை. நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

"அங்கேதான் ஆபத்து" என்றார் அவரே.

முன்பு கப்சாயில் ஊருக்கு வரும்போது, சின்னத் தொட்டி என்பதால் அடிக்கடி எண்ணெய் நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் முகம் கழுவுவார், ஒரு தேத்தாரேக் குடிப்பார், காலை உதறுவார். வண்டியின் குறையே அவருக்கு ஓய்வு கொடுத்தது. வெர்சிஸ் வந்த பிறகு ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரே மூச்சாகக் கிளம்பினார். மாச்சாப் போனது, பாகோ போனது. காற்று அடிக்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை. ஆயர் குரோ நெருங்கும்போது, தான் எப்போது இடது தடத்தில் இருந்து அவசரத் தடத்துக்கு விலகினோம் என்பதே அவருக்கு நினைவில்லை. டயர் ஓரக்கோட்டின் மேல் ஏறித் தடதடத்த சத்தத்தில்தான் விழித்திருக்கிறார்.

110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் போகும். இரண்டு நொடி கண் அசந்தால் 60 மீட்டர். முன்னால் அவசரத் தடத்தில் ஒரு லாரி நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

"கப்சாய் உடம்பை வலிக்க வச்சு 'நிறுத்து'ன்னு சொல்லும். இந்த வண்டி சொல்லாது. நாமதான் சொல்லிக்கணும்." நான்கு பேரிடம் பேசியதில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான வாக்கியம் இதுதான். சுகமான வண்டி களைப்பைக் குறைக்கிறது, உண்மை. களைப்பை மறைக்கவும் செய்கிறது, அதுவும் உண்மை. இப்போது அவர் எண்ணெய் மீட்டரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஓய்வுத்தலத்தில் இறங்கிவிடுகிறார்.

பட்டறையில் கேட்டது

கிள்ளானில் பெரிய மோட்டார்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "வாங்குற காசைப் பத்திதான் எல்லாரும் பேசுறாங்க. வச்சிருக்கிற காசைப் பத்திப் பேசு" என்றார்.

அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் கப்சாய்க்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 ரிங்கிட். 501 முதல் 800 சிசி வரை உள்ள வண்டிக்கு 250 ரிங்கிட். புதிய வண்டியின் விலை 30,000 ரிங்கிட்டைத் தாண்டும்; அதற்கேற்பக் காப்புறுதியும் ஏறும். பின்சக்கரத்துக்கு ஒரு நல்ல டயர் வாங்கும் காசில் என் வண்டிக்கு இரண்டு டயரையும் மாற்றிவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். சங்கிலியை ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மழையில் ஓட்டினால் அடிக்கடி. பகுதிநேர வேலையில் சம்பாதிக்கும் மாணவருக்கு இவையெல்லாம் தாங்குமா?

"பையனுங்க கடன்ல வண்டி வாங்கிடுறாங்க. அப்புறம் டயர் மாத்தக் காசு இருக்காது. வழுக்கையான டயரோட காராக் மலை ஏறுவாங்க" என்றார். பயன்படுத்திய வண்டி வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். டயர் தேய்மானம், சங்கிலி, பிரேக் தட்டு, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, கைப்பிடி முனையிலும் கால்மிதி முனையிலும் கீறல் என்று வரிசையாகச் சொன்னார். பெயிண்ட் பளபளப்பு அந்த வரிசையில் இல்லவே இல்லை.

பின்னிருக்கையில் ஒரு நாள்

கேட்டது போதும், உட்கார்ந்து பார் என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனார். காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பா தாண்டி பெந்தோங், அங்கிருந்து ரவுப், பிறகு பிரேசர் மலை அடிவாரத்துச் சாலை வழியாக கோலகுபு பாரு, ரவாங், வீடு.

கிளம்புமுன் மாமா இருக்கைக்குக் கீழே பக்கவாட்டில் இருந்த ஒரு திருகியைச் சில சுற்று முறுக்கினார். பின்னால் ஆள் உட்காரும்போது ஸ்பிரிங்கை இறுக்குவதற்காம். அதைச் செய்யாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, வளைவில் வண்டி சோம்பலாகத் திரும்பும் என்றார். அரை நிமிட வேலை. செய்பவர்கள் குறைவு என்று பட்டறை அண்ணனும் சொல்லியிருந்தார்.

நெடுஞ்சாலையில் எனக்குப் பிடித்தது அதன் அமைதி. லாரிகளைக் கடக்கும்போது என் கப்சாயில் கைப்பிடி நடுங்கும். இங்கே லேசாக ஒரு தள்ளல், அவ்வளவே. மலைச் சாலையில்தான் 'ஸ்போர்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கியது. மாமா வேகமாகப் போகவில்லை. ஆனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சீராகச் சாய்ந்து, வெளியே வரும்போது மெல்ல முறுக்கினார். கியரை அடிக்கடி மாற்றவே இல்லை. நடு வேகத்து இழுவை என்று தாளில் படித்தது அதுதான் போலும். ஒரு வளைவில் காய்ந்த மூங்கில் இலைகளும் ஈரமும் சேர்ந்து கிடந்தன. முந்தின வளைவில் அவசரப்பட்டிருந்தால் அங்கே வழுக்கியிருப்போம்.

ரவாங் வருமுன் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்குக் கீழே அவசரத் தடத்தில் கூட்டமாக மோட்டார்கள் நின்றன. மாமா அங்கே நிறுத்தவில்லை; கொஞ்ச தூரம் தள்ளி எண்ணெய் நிலையத்துக்குள் திருப்பினார். "பாலத்துக்கு அடியில நிக்கிறவனைப் பின்னால வர்ற கார்க்காரனுக்குத் தெரியணுமே" என்றார். அங்கே இறங்கி நின்றபோது என் முழங்கால் விறைத்திருந்தது. அன்று முழுவதும் ஐந்து முறை நிறுத்தியும் அப்படி. பின்னிருக்கையில் இருப்பவரின் உடம்பும் பேசும். அதையும் ஓட்டுபவர் கேட்க வேண்டும்.

என் கணக்கு

நண்பர்களே, வெர்சிஸ் 650 நல்ல வண்டியா என்றால், நல்ல வண்டிதான் என்று நால்வரும் சொன்னார்கள். ஆனால் நால்வரும் அதைச் சொன்ன உடனேயே ஓர் 'ஆனால்' சேர்த்தார்கள். அந்த 'ஆனால்' எதுவுமே வண்டியைப் பற்றியது அல்ல. உயரம், காற்று, தூக்கம், பணம் என்று ஓட்டுபவரைப் பற்றியது. அதனால் யாரிடமாவது பெரிய மோட்டாரைப் பற்றிக் கேட்க நேர்ந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நின்ற இடத்தில் அதைத் தனியாகத் தள்ளித் திருப்ப முடிகிறதா? எந்த மணி நேரத்தில் உடம்பில் எந்த இடம் வலிக்கிறது? கடைசியாக எப்போது டயர் மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது? எங்கே நிறுத்துவீர்கள்? இதற்குத் தடையின்றிப் பதில் சொல்பவர்தான் உண்மையில் நெடுந்தூரம் ஓட்டுபவர்.

நான் இன்னும் இரண்டு ஆண்டு கப்சாயிலேயே போவதாக இருக்கிறேன். முதல் சம்பளம் வந்ததும் முதலில் வாங்கப்போவது நல்ல தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு உள்ள உடை. பிறகு முழு பி உரிமம். வண்டி அதற்குப் பிறகுதான். அப்போதும் பயன்படுத்திய வண்டியாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். சம்மதம் கிடைக்கவில்லை. சிசி எவ்வளவு, விலை எவ்வளவு என்று அவர் கேட்கவும் இல்லை. "சுங்கை பட்டாணி வரைக்கும் எங்கெங்கே நிறுத்துவே?" என்று மட்டும் கேட்டார். தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, தாப்பாவுக்கு முன்னால் இன்னோர் இடம் சேர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.